உஷார்! காய்ச்சல்காரப் பிள்ளையின் சட்டையைக் கழற்றிப் பார்த்தீர்களா?

ஐப்பசி பிறந்துவிட்டால் டெல்டாவில் மழையோடு காய்ச்சலும் இறங்கிவிடும். சம்பா நட்டு முடித்து, வயல் பச்சை பிடிக்கிற நேரம் அது. ஒரத்தநாட்டிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்த்தாலும், துவண்டுபோன பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அம்மாக்கள் வரிசையில் நிற்பார்கள். எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாங்களா?"

அந்தக் கேள்விக்கு நம் ஊரில் இரண்டே பதில்தான் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு வீட்டில், "சாதாக் காய்ச்சல்தான், மெடிக்கல்ல சொல்லி மருந்து வாங்கிட்டு வா" என்பார்கள். இன்னொரு வீட்டில், காய்ச்சல் தொடங்கிய மறுநாள் காலையிலேயே பிள்ளையை லேபுக்குத் தூக்கிக்கொண்டு போய், "ஃபீவர் புரொஃபைல்" என்று மொத்தமாக எல்லா டெஸ்டும் எடுத்துவிடுவார்கள். இரண்டுமே ஆபத்து. முதலாவது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது எப்படி உயிருக்கு உலை வைக்கும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். அதனால்தான் பதறிக்கொண்டு எழுதுகிறேன்.

என் அண்ணன் பேத்திக்கு அப்போது மூன்றரை வயது. வெண்ணாற்றங்கரைக் கிராமம். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் உடம்பு சுட்டது. வெள்ளிக்கிழமை மெடிக்கல் ஷாப்பில் ஒரு சிரப். சனிக்கிழமை லேபில் ரத்தம் எடுத்தார்கள். டெங்கு நெகட்டிவ். வைடால் பாசிட்டிவ். "டைபாய்டு, பயப்பட ஒண்ணுமில்ல, கண்டுபுடிச்சாச்சு" என்று எல்லோருக்கும் நிம்மதி. காலையும் மாலையும் ஊசி. இரண்டு நாள், மூன்று நாள், ஐந்து நாள் போனது. காய்ச்சல் இறங்கவே இல்லை. "டைபாய்டுன்னா அப்படித்தான், மெதுவாத்தான் எறங்கும்" என்று பக்கத்து வீட்டிலும் சொன்னார்கள், எதிர் வீட்டிலும் சொன்னார்கள். எட்டாம் நாள் வயிறு உப்பிவிட்டது. கண் இமை வீங்கியது. மூச்சு மேலே மேலே வாங்கியது.

அன்று காலை, வெந்நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிட உட்கார்ந்தது பிள்ளையின் அப்பாயி. இடுப்பில் அரைஞாண் கயிறு ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று அதை மேலே ஏற்றிவிட்டுத் துடைத்தது. கயிறு மறைத்திருந்த இடத்தில் துவரம்பருப்பு அளவில் ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவந்த வட்டம். "என்னாடி இது, சூடு வச்ச மாதிரி இருக்கு?" என்று மருமகளைக் கூப்பிட்டது. "கயிறு உராசி புண்ணாயிருக்கு அத்தை, நாலு நாளா இருக்கு" என்றது அந்தப் பெண். தொட்டுப் பார்த்தார்கள். பிள்ளை சிணுங்கவில்லை. வலியே இல்லை.

அன்று மதியம் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவர் அந்தப் பொருக்கைப் பார்த்த அடுத்த நிமிடமே மருந்தை மாற்றிவிட்டார். ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினார். ஆனால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் பிள்ளை இட்லி கேட்டது. பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தபோது அது கட்டிலில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது.

அந்த நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். அந்தப் பெயராலேயே ஒரு குழப்பம் வந்துவிடுகிறது. மாட்டிலும் நாயிலும் ஒட்டிக்கிடக்கிற உண்ணி என்று நினைத்துக்கொண்டு, "எங்க வீட்டுல நாயே இல்லையே" என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். இது அந்த உண்ணி அல்ல. புல்லிலும் புதரிலும் இருக்கிற ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. அந்தக் குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. கண்ணுக்குத் தெரியாது. கடிப்பதும் தெரியாது. எலிகள் திரிகிற வரப்பு, வாய்க்கால் கரைப் புல், கொல்லைப்புறத்துப் புதர் எல்லாம் அது வாழ்கிற இடங்கள். செடியின்மேல் துணி காயப்போட்டு அப்படியே எடுத்து உடுத்துவது, பிள்ளைகள் புல்தரையில் புரள்வது, வெளிக்குப் போக புதரோரம் உட்காருவது இவையே அதற்கு வழி. கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும். பத்து நாளைக்கு முன்னால் பிள்ளை எங்கே விளையாடியது என்று யாருக்கு நினைவிருக்கும்?

ஜப்பானில் நீகாட்டா பகுதியின் ஆற்றுப்படுகை உழவர்களைத்தான் இந்நோய் ஒரு காலத்தில் வாரிக்கொண்டு போனது. அந்த ஊர்க்காரர்கள் வைத்த 'சுட்சுகாமுஷி' என்ற பெயரைத்தான் கிருமிக்கும் வைத்திருக்கிறார்கள். கேடு செய்யும் பூச்சி என்று அதற்குப் பொருள். இரண்டாம் உலகப்போரில் பர்மா, அஸ்ஸாம் எல்லையில் நின்ற சிப்பாய்களை இது பாடாய்ப் படுத்தியது. ஆற்றங்கரை, நெல்வயல், எலி, புதர் என்று அந்த இடங்களின் அடையாளத்தைச் சொன்னால் நம் ஊரைச் சொன்ன மாதிரியே இருக்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரைத் தொடர்ந்து கவனித்து, முடிவுகளை 2025-இல் வெளியிட்டார்கள். நோய் இருக்கிற கிராமங்களில் வருஷத்துக்குப் பத்துப் பேரில் ஒருவர் வரை இந்தக் கிருமி தொற்றுகிறது என்பது அதில் தெரிந்த சேதி. பலருக்கு ஒன்றும் செய்யாமலே போய்விடும். சிலரைத்தான் நுரையீரல், ஈரல், மூளை என்று தாக்கும். அந்தச் சிலரில் நம் பிள்ளை இருக்குமா என்று முன்கூட்டிச் சொல்ல ஒருவராலும் முடியாது.

இப்போது கவனமாகக் கேளுங்கள். டைபாய்டுக்குப் போடுகிற செஃப்ட்ரியாக்சோன் ஊசி இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. எத்தனை நாள் போட்டாலும் செய்யாது. இதற்குக் கேட்கிற மருந்து டாக்ஸிசைக்ளின், இல்லாவிட்டால் அசித்ரோமைசின். இரண்டும் விலை குறைந்த, எல்லா இடத்திலும் கிடைக்கிற பழைய மருந்துகள். பிள்ளையின் எடைக்கு எவ்வளவு என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் மூன்று நாள் ஊசி போட்டும் காய்ச்சல் அசையவில்லை என்றால், "இது ஸ்க்ரப் டைபஸா இருக்குமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் பிள்ளையை அந்த ஐந்து நாள் தவறான மருந்தில் வைத்திருந்தது எது? வைடால் என்கிற ஒரு டெஸ்ட். 1896-இல் பிரான்ஸில் வைடால் என்ற மருத்துவர் கொண்டுவந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் நம் ஊர் லேப்களில் அதுதான் ராஜா. டைபாய்டு கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்பொருளைத்தான் அது தேடுகிறது. அந்த எதிர்ப்பொருள் காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம் ஆன பிறகுதான் நம்பும்படியான அளவுக்கு ஏறும். இரண்டாம் நாள் எடுத்து அதில் 'பாசிட்டிவ்' என்று வந்தால், எப்போதோ வந்துபோன தொற்றின் மிச்சமாக இருக்கலாம், தடுப்பூசியால் இருக்கலாம், வேறு கிருமியின் சாயலாகவும் இருக்கலாம். ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டுவதே சரியில்லை. முதல் வாரத்தில் டைபாய்டு சந்தேகம் இருந்தால் எடுக்க வேண்டியது ரத்தக் கல்ச்சர். அதையும் ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போய், ரிப்போர்ட் ஏமாற்றிவிடும்.

டெஸ்ட் எடுக்காமல் விடுவதைவிட, தப்பான நாளில் எடுத்த டெஸ்ட் சில சமயம் அதிகக் கெடுதல் செய்துவிடும் என்று நான் சொல்வது இதனால்தான். எடுக்காத வீட்டில் பயம் மிச்சமிருக்கும், பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ரிப்போர்ட் கையில் இருக்கிற வீட்டில் அந்தப் பயம் போய்விடுகிறது.

அதனால் டெஸ்டுக்கு முதலில் வேண்டியது தேதி. உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது அல்லவா? பிள்ளைக்கு முதல்முதலாக உடம்பு சுட்ட அன்றைய தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதன் பின்பக்கம் மணியையும், தெர்மாமீட்டர் காட்டிய அளவையும் எழுதி, சட்டைப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று மருத்துவர் கேட்கும்போது, "ஒரு மூணு நாலு நாளா இருக்கும்" என்று இழுக்காதீர்கள். மூன்றா, நான்கா என்பதில் எல்லாம் இருக்கிறது. டெங்குவுக்கு என்எஸ்1 என்கிற டெஸ்ட் முதல் ஐந்து நாளுக்குள்தான் சரியாகப் பிடிக்கும். ஐந்து நாள் தாண்டிவிட்டால் ஐஜிஎம் எலைசா எடுக்க வேண்டும். ஆறாம் நாள் என்எஸ்1 மட்டும் எடுத்து, "நெகட்டிவ், டெங்கு இல்ல" என்று வீட்டுக்கு வருவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்குகிற காரியம். ஸ்க்ரப் டைபஸுக்கான ஐஜிஎம்மும் ஒரு வாரம் நெருங்கும்போதுதான் தெளிவாகத் தெரியும். அதற்குள் பிள்ளை மோசமாகிவிடக்கூடும் என்பதால்தான் அந்த மருத்துவர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கினார்.

டெங்குவைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2017-இல் தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு டெங்கு, 65 பேர் சாவு என்பது அரசுக் கணக்கு. டெங்குவில் பிள்ளைகளுக்கு ஆபத்து வருவது காய்ச்சல் கொதிக்கிற நாளில் அல்ல, அது விடுகிற நாளில். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடம்பு குளிர்ந்துவிடும். "அப்பாடா, காய்ச்சல் விட்டுடுச்சு" என்று தாய் ஒரு வாய் காபி குடிக்க உட்காருவாள். அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அடுத்த ஒரு நாள், இரண்டு நாள்தான் கண்டம். கை கால் சில்லென்று இருக்கிறதா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறதா, வாந்தி நிற்கவில்லையா, ஈறில் மூக்கில் ரத்தம் தெரிகிறதா, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் நடு ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள். இந்தக் கட்டத்தில் ரத்த டெஸ்ட் அவசியம், தேவைப்பட்டால் ஒரே நாளில் இரண்டு முறைகூட எடுப்பார்கள். எல்லோரும் தட்டணுக்கள் எத்தனை ஆயிரம் என்று மட்டும் கேட்கிறார்கள். ரிப்போர்ட்டில் அதே தாளில் பிசிவி என்று ஒரு எண் இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் நீர் கசிகிறது, ரத்தம் கெட்டியாகிறது என்று அர்த்தம். மருத்துவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வீட்டில் இருக்கிற காய்ச்சல் சிரப் பாட்டிலைக் கையில் எடுத்து, லேபிளைத் திருப்பிப் படியுங்கள். பாராசிட்டமால் மட்டும் இருந்தால் சரி. மெஃபெனமிக் ஆசிட் என்றோ ஐபுப்ரோஃபென் என்றோ கூடவே அச்சடித்திருந்தால், மழைக்காலக் காய்ச்சலுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். காய்ச்சல் சட்டென்று இறங்குவதால் கடைக்காரர்கள் அதையே எடுத்துக் கொடுக்கிறார்கள். டெங்குவாக இருந்தால் அது ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமாலிலும் கவனம் வேண்டும். 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று ஒரு சிரப், 250 என்று இன்னொன்று, கைக்குழந்தைச் சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொன்ன அளவு நம் பிள்ளைக்குப் பொருந்தாது.

எலிக்காய்ச்சலும் நம் வயல்காட்டு நோய்தான். வெள்ளம் வடிந்த தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்த பிள்ளைக்குக் காய்ச்சல், கண் சிவப்பு, ஆடுசதை வலி, மஞ்சள் பூத்த கண் என்று வந்தால், தண்ணீரில் ஆடிய சங்கதியை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எந்த டெஸ்ட் என்பதை அவர் அதிலிருந்துதான் முடிவு செய்வார்.

அப்படியானால் டெஸ்டே தேவைப்படாத காய்ச்சல் எது? அதுதான் அதிகம். மூக்கு ஒழுகுகிறது, இருமுகிறது, உடம்பு சுடுகிறது. ஆனால் காய்ச்சல் தணிந்த நேரத்தில் பிள்ளை ஓடுகிறது, தண்ணீர் குடிக்கிறது, ஒன்றுக்கு ஒழுங்காகப் போகிறது. இந்தப் பிள்ளையை மருத்துவரிடம் காட்டினால் போதும். முதல் நாளே நரம்பு தேடிக் கையைக் குத்த வேண்டாம். இரண்டு, மூன்று நாளில் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். மூன்றாம் நாள் தாண்டியும் இறங்கவில்லை என்றால் அப்போது ரத்த அணுக்கள் எண்ணிக்கை, சிறுநீர், அந்த நாளுக்குப் பொருந்துகிற டெங்கு டெஸ்ட் என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பார். சிறுநீர் டெஸ்டை அலட்சியம் செய்யாதீர்கள். சளி இல்லை, இருமல் இல்லை, காரணமே தெரியாத காய்ச்சல் என்று இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை, அதிலும் பெண் குழந்தை கிடந்தால், பல சமயம் சிறுநீர்த் தொற்றாக இருக்கும். ஒரு ஊசிகூடக் குத்தத் தேவையில்லாத டெஸ்ட் அது. அதைத்தான் கேட்பாரில்லை.

காத்திருக்கவே கூடாத பிள்ளைகளும் உண்டு. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி என்று தெர்மாமீட்டர் காட்டினாலே போதும், அன்றைக்கே, அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரி. அந்த வயதில் சிரிக்கிற குழந்தைக்குள்ளும் ரத்தத்தில் கிருமி இருக்கலாம். பால் குடிக்க மறுக்கிற குழந்தை, குடித்ததையெல்லாம் கக்குகிற குழந்தை, வலிப்பு வந்த குழந்தை, கூப்பிட்டால் கண் திறக்காமல் துவண்டு கிடக்கிற குழந்தை, இவர்களுக்கும் 'நாளைக்குக் காலையில பாக்கலாம்' என்பது கிடையாது.

மூச்சு எண்ணத் தெரியுமா உங்களுக்கு? பிள்ளை தூங்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் வயிறு எத்தனை முறை எழும்புகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, அது நிமோனியாவாக இருக்கலாம். கிராமத்துச் செவிலியர்களுக்கு இதைத்தான் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஸ்டெதாஸ்கோப் கூட வேண்டாம்.

மறுபடி அந்தக் கறுப்புப் பொருக்குக்கே வருகிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது இருக்காது. இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் இருந்தால், அந்த ஒரு பொருக்கே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். அது வலிக்காது, அரிக்காது. அதனால் பிள்ளை சொல்லாது. பெற்றவர்கள்தான் தேட வேண்டும். வாசலில், நல்ல வெளிச்சத்தில், பொட்டுத் துணி இல்லாமல் நிறுத்திப் பாருங்கள். கையைத் தூக்கி அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடியைப் பிரித்து உச்சி, கழுத்து மடிப்பு, தொப்புள், அரைஞாண் கயிற்றுக்கு அடியில், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, பின்புறம், முழங்காலுக்குப் பின்னால். பெண் பிள்ளை என்று கூச்சப்பட்டு அப்பாக்கள் ஒதுங்கினால் அம்மாவோ அப்பாயியோ பார்க்கட்டும். கூட்ட நேரத்தில் இவ்வளவு இடத்தையும் பார்க்க மருத்துவருக்கு வாய்ப்பது அரிது. நீங்கள் பார்த்துச் சொன்னால் அவருக்கு அது பெரிய உதவி. கண்டால் சுரண்டாதீர்கள், மஞ்சள் பூசாதீர்கள், அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தஞ்சாவூர் நகரத்துக்குள்ளேயே இராசா மிராசுதார் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், கும்பகோணத்தில் பெரிய அரசு மருத்துவமனை. அரசு ஆஸ்பத்திரியில் டெங்கு எலைசாவுக்குப் பணம் கிடையாது. ராத்திரியில் வண்டி இல்லை என்றால் 108, யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 104.

இன்றைக்கு உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை காய்ச்சலோடு படுத்திருந்தால், இதைப் படித்த கையோடு எழுந்து போய், விளக்கைப் போட்டு, சட்டையைக் கழற்றிப் பாருங்கள். அரைஞாண் கயிற்றை மேலே ஏற்றிவிட்டுப் பார்க்க மறந்துவிடாதீர்கள்.